21 வயது, முதல் ஸ்போர்ட்ஸ் கார், எகிறிய பிரீமியம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவனுக்கு 21 வயது. பெயர் தேவையில்லை, தம்பி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. வீட்டுக் காரை அவ்வப்போது ஓட்டியிருக்கிறான், சொந்தக் கார் இருந்ததில்லை. அபராதம் கிடையாது, விபத்து கிடையாது. வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் அவன் பார்த்துவைத்திருந்தது ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங், 5 லிட்டர் வி8 இன்ஜின். விலை பேசி, கைக்கு அடங்கும் என்று உறுதியான பிறகுதான் இன்சூரன்ஸ் கொட்டேஷன் கேட்டிருக்கிறான். ஒரு வருடப் பிரீமியம் காரின் விலையில் பாதியைத் தொட்டது. சில நிறுவனங்கள் கொட்டேஷனே தர மறுத்துவிட்டன.

நண்பர்கள், உறவினர்களின் பாலிசியைப் படித்து அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வது எனக்குப் பல வருடப் பழக்கம். அதனால்தான் அவன் என்னிடம் வந்தான்.

"அண்ணா, நான் இதுவரைக்கும் ஒரு கீறல்கூடப் போட்டதில்ல. எனக்கு எதுக்கு இவ்வளவு?"

நியாயமான கேள்வி. இதற்கு ஒழுங்கான பதில் தெரியாமல் பிரீமியத்தைக் குறைக்க இறங்கினால் தப்பான இடத்தில்தான் கை வைப்போம். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒரு விஷயம்: பணத்தொகை நாட்டுக்கு நாடு, ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தொகைகளை எழுதப்போவதில்லை. மஸ்டாங்குக்கு வந்த முதல் கொட்டேஷனை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதற்கு எதிரான அளவாகச் சொல்கிறேன். இவை இந்த ஒரு பையனுக்கு வந்த அளவுகள். உங்களுக்கு வேறாகத்தான் வரும், ஆனால் எது அதிகம் குறைத்தது, எது கொஞ்சம்தான் குறைத்தது என்ற வரிசை பெரும்பாலும் ஒத்துப்போகும்.

அந்த 100 எங்கிருந்து வந்தது

நிறுவனத்துக்குத் தம்பியைத் தெரியாது. அவனைப் போன்றவர்களின் கூட்டத்தைத்தான் தெரியும். அந்தக் கூட்டத்தின் கணக்கு மோசமானது. 16 முதல் 19 வயது வரையிலான ஓட்டுநர்கள், ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் உயிரிழப்பு விபத்தில் சிக்கும் விகிதம் 20 வயதைத் தாண்டியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஎச்எஸ் சொல்கிறது. 20 தாண்டிய அன்றே இந்த ஆபத்து மறைந்துவிடுவதில்லை, படிப்படியாகத்தான் இறங்குகிறது. இரவு நேரமும், காரில் நண்பர்கள் கூட்டமாக இருப்பதும் இதை இன்னும் ஏற்றும். நியூஸிலாந்து 1987-லேயே படிநிலை லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்து, புதிதாக ஓட்டுபவர்களுக்கு இரவில் ஓட்டுவதற்கும் ஆள் ஏற்றுவதற்கும் கட்டுப்பாடு வைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரு கீறல்கூட இல்லை என்பது உண்மை. ஆனால் அது ஒரு வருடத்துக் கதை, அதுவும் அவ்வப்போது ஓட்டிய ஒரு வருடம். பத்து வருடம் தினமும் ஓட்டி விபத்தில்லாமல் இருப்பவர் தன்னைப் பற்றிச் சான்று கொடுத்துவிட்டார். தம்பி இன்னும் கொடுக்கவில்லை. நிறுவனம் அவனைக் கெட்ட ஓட்டுநர் என்று சொல்லவில்லை, தெரியாத ஓட்டுநர் என்கிறது. தெரியாததற்கு அவர்கள் வைக்கும் விலைதான் அந்தப் பிரீமியத்தின் பெரும் பகுதி.

இன்னொன்றையும் அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. கார் நொறுங்கினால் ஆகும் செலவுக்காகத்தான் இவ்வளவு கேட்கிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான். காருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, முழுதாகப் போனால் அதன் சந்தை மதிப்பு, அவ்வளவுதான். எதிரே வந்தவருக்கு முதுகுத்தண்டு அடிபட்டு வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்பட்டால் அந்தச் செலவுக்கு உச்சவரம்பே இல்லாத நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் மூன்றாம் தரப்பினரின் உடல் காயத்துக்குப் பாலிசி வரம்பில்லாமல் கொடுக்க வேண்டும். இளம் ஓட்டுநர், வேகமான கார், பின்சீட்டில் நண்பர்கள் என்ற சேர்க்கையைப் பார்த்ததும் நிறுவனம் பயப்படுவது அந்த வகைச் செலவை நினைத்துத்தான்.

அப்புறம் கார். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தரம் உண்டு என்பது அவனுக்குப் புதுச் செய்தி. பிரிட்டனில் நீண்ட காலமாகக் கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குழுக்களாகப் பிரித்து வந்திருக்கிறார்கள். புதுக் காரின் விலை, உதிரி பாகங்களின் விலை, பழுது பார்க்க ஆகும் நேரம், வேகம், திருட்டுத் தடுப்பு என்று பலவற்றைப் பார்த்துப் போடும் தரம் அது. வி8 மஸ்டாங் அந்த ஏணியின் உச்சிப் பக்கம். ஜெர்மனியில் இதையே மூன்றாகப் பிரிக்கிறார்கள்: அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு 10 முதல் 25 வரை, திருட்டு, தீ போன்றவற்றுக்கான பகுதிக் காப்பீட்டுக்கு 10 முதல் 33 வரை, முழுக் காப்பீட்டுக்கு 10 முதல் 34 வரை. இந்த எண்கள் கார் கம்பெனி சொல்வதை வைத்து வருவதில்லை, அந்த மாடல் வைத்திருப்பவர்கள் உண்மையில் எவ்வளவு க்ளெய்ம் செய்தார்கள் என்பதிலிருந்து வருடா வருடம் கணக்கிடப்படுகின்றன. ஆகவே ஒரே குதிரைத்திறன் உள்ள இரண்டு கார்களில், நிதானமான ஆட்கள் விரும்பி வாங்கும் கார் மலிவாகவும், வேகப் பிரியர்கள் வாங்கும் கார் விலை கூடியும் நிற்கும். நீங்கள் எப்படி ஓட்டினாலும் சரி, உங்களுக்கு முன்னால் அந்தக் காரை ஓட்டியவர்களின் பழக்கத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறீர்கள்.

திருட்டும் பெரிய விஷயம். அமெரிக்காவில் டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட் போன்ற அதிசக்திக் கார்கள் திருட்டு க்ளெய்ம் பட்டியலின் உச்சிக்கே போயின. அந்தக் காரை வாங்கும் நல்லவனுக்கும் பிரீமியம் ஏறத்தான் செய்யும்.

காரை மாற்றியதுதான் பெரிய குறைவு

நான் தம்பியிடம் மஸ்டாங்கை விட்டுவிடு என்று சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் ஆசையைச் சின்னப் பிள்ளைத்தனம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. உழைத்த காசில் பிடித்த காரை ஓட்டுவது நல்ல சந்தோஷம். ஆனால் அவனுக்கு மஸ்டாங்கில் எது பிடித்திருந்தது என்று விடாமல் கேட்டேன். பேசப் பேசத் தெரிந்தது: பின்சக்கர இயக்கம் வேண்டும், மேனுவல் கியர் வேண்டும், வளைவில் திரும்பும்போது கார் கையோடு பேச வேண்டும். 400 குதிரைத்திறனுக்கு மேல் இருக்கிறது என்பது சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்ததே தவிர, அவன் ஓட்டப்போகும் சாலைகளில் அதில் பாதியைக்கூடப் பயன்படுத்த வழியில்லை.

அப்போதுதான் வேறு கார்களுக்குக் கொட்டேஷன் எடுத்தோம். அதே ஆள், அதே முகவரி, அதே பதில்கள், கார் மட்டும் மாறியது. டொயோட்டா ஜிஆர்86, 2.4 லிட்டர், சுமார் 230 குதிரைத்திறன்: 63 வந்தது. மஸ்தா எம்எக்ஸ்-5, 2 லிட்டர் இன்ஜின்: 48. அதே எம்எக்ஸ்-5, சுமார் 130 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர்: 41. 1989-ல் முதலில் வந்த நாளிலிருந்து அந்தக் கார் சின்ன உடம்பு, பின்சக்கர இயக்கம், இரண்டே சீட் என்ற ஒரே கொள்கையில் நிற்கிறது. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். இரண்டே சீட் என்பது இன்சூரன்ஸ் கண்ணில் ஒரு நல்ல குணம், நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் கிளம்ப முடியாது. துணிக் கூரை என்பது ஒரு குறை, கத்தியால் கிழித்து உள்ளே கை விடலாம் என்பதால் சில நிறுவனங்கள் அதற்குக் கூட்டிப் போடும்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அன்றே தம்பி 1.5 லிட்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டான். ஆக, வேறு எந்த வேலையும் செய்வதற்கு முன்பே 100 என்பது 41-க்கு இறங்கிவிட்டது. இனி கீழே சொல்லப்போகும் எல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு முடிவின் அளவுக்கு வராது. அதனால்தான் கொட்டேஷனைக் கேட்ட பிறகு காரைத் தேடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். விளம்பரத்தில் உள்ள பதிவு எண்ணையோ மாடல் விவரத்தையோ போட்டால் கார் கையில் இல்லாமலேயே கொட்டேஷன் கிடைக்கும், காசு எதுவும் ஆகாது.

இதே மலிவு எண்ணத்தில் இன்னும் பழைய, 20 வருடத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும் அவன் கொண்டுவந்து காட்டினான். வேண்டாம் என்று நான் அழுத்திச் சொன்னது அதைத்தான். அதில் இஎஸ்சி, அதாவது கார் வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும் வசதி இல்லை. இந்த வசதி ஒற்றை வாகன உயிரிழப்பு விபத்துகளின் ஆபத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்பது ஐஐஎச்எஸ் ஆய்வுகளில் வந்த முடிவு. அமெரிக்காவில் 2012 மாடல் கார்களிலிருந்து கட்டாயம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களிலும் கட்டாயம். பின்சக்கரக் காரில், மழையில், புதிதாக ஓட்டுபவருக்கு இது இல்லாமல் இருக்கவே கூடாது. பிரீமியம் எவ்வளவு குறைந்தாலும் சரி.

சட்டத்தையும் முதலில் பார்த்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டைத் தாண்டும் கார்களை ஓட்டக் கூடாது. இத்தாலியிலும் புது ஓட்டுநர்களுக்குச் சக்தி வரம்பு உண்டு. உங்கள் ஊர்ச் சட்டம் தடுக்கும் காருக்கு எந்த பாலிசியும் காப்பாற்றாது.

அக்கா பெயரில் எடுத்தால் என்ன

வீட்டில் எல்லோருக்கும் தோன்றிய யோசனை இது. தம்பிக்கு 29 வயதில் ஓர் அக்கா. எட்டு வருடமாக விபத்தில்லாமல் ஓட்டுகிறார். "அக்காதான் முக்கிய ஓட்டுநர்னு போட்டுட்டு, என்னைக் கூடுதல் ஓட்டுநரா சேர்த்துட்டா பாதிக்குப் பாதி குறையுதுண்ணா" என்று கணக்கோடு வந்து நின்றான். அப்பாவும் அதில் தப்பு இருப்பதாக நினைக்கவில்லை, குடும்பத்துக்குள்தானே என்றார்.

கார் தம்பியுடையது, தினமும் வேலைக்கு ஓட்டப்போவது தம்பி. அப்படியிருக்க அக்காவை முக்கிய ஓட்டுநராகக் காட்டுவதற்கு இன்சூரன்ஸ் உலகில் ஃபிரண்டிங் என்று பெயர், அது மோசடி. இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை, என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னேன். சின்ன க்ளெய்ம் வரை யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய விபத்து நடந்தால் விசாரணைக்கு ஆள் வருவார். கார் தினமும் எந்த அலுவலக வாசலில் நிற்கிறது, விபத்து நடந்த நேரத்தில் யார் ஓட்டினார், சர்வீஸ் பில் யார் பெயரில் என்று பார்ப்பார். உண்மை தெரிந்தால் பாலிசியை ரத்து செய்வார்கள், காருக்குப் பணம் வராது, எதிர்த் தரப்புக்கு நிறுவனம் கொடுத்ததை நம்மிடமே திரும்பக் கேட்கலாம். அதன் பிறகு எந்த நிறுவனத்தில் கேட்டாலும் "உங்கள் பாலிசி எப்போதாவது ரத்து செய்யப்பட்டிருக்கிறதா" என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல வேண்டிவரும், இன்றைய 100 அப்போது மலிவாகத் தெரியும். பிரிட்டனில் இது இன்னும் கடுமை: இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாக எடுத்துக்கொள்ளப்பட்டால் லைசென்ஸில் 6 அபராதப் புள்ளிகள், லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் 1995-ல் வந்த புதிய ஓட்டுநர் சட்டப்படி லைசென்ஸே போய்விடும், மறுபடி முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். அக்காவின் எட்டு வருட நல்ல பெயரும் கூடவே போகும் என்றதும் அப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ஆனால் இந்த யோசனையை நேர்மையாகத் திருப்பிப் போட்டால் பலன் உண்டு. தம்பி முக்கிய ஓட்டுநர், அக்கா கூடுதல் ஓட்டுநர். அக்கா அதே வீட்டில் இருக்கிறார், வாரக்கடைசியில் அந்தக் காரை எடுக்கவும் போகிறார், ஆகவே இதில் பொய் எதுவும் இல்லை. 41 என்பது 36 ஆனது. பெண் என்பதால் குறைந்ததா என்று அவன் கேட்டான். அது ஊரைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீதிமன்றம் 2011-ல் கொடுத்த தீர்ப்பால் 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று பார்த்துப் பிரீமியத்தை மாற்றக் கூடாது. எங்கேயும் கைகொடுப்பது அவரது வயதும் விபத்தில்லாத வருடங்களும்தான். அனுபவம் உள்ள ஒருவரைச் சேர்த்தால் எப்போதும் குறையும் என்றும் இல்லை, சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கொட்டேஷன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனை காரிலேயே இருந்தது. அவன் பார்த்த எம்எக்ஸ்-5-ஐ முந்தைய உரிமையாளர் சும்மா விட்டுவைக்கவில்லை. எக்ஸாஸ்ட் மாற்றியிருந்தார், கார் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. தம்பி கொட்டேஷன் படிவத்தில் மாற்றங்கள் எதுவும் இல்லை என்று போடப் போனான், "நான் மாத்தலையேண்ணா." யார் மாற்றினார் என்பது கேள்வியே இல்லை, கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சொல்லிப் பார்த்ததும் பிரீமியம் ஏறியது. எனவே அந்தக் காரை விட்டுவிட்டு, மாற்றம் எதுவும் செய்யாத இன்னொன்றைத் தேடி எடுத்தான். விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் வருடா வருடம் கட்டும் கூடுதல் பிரீமியத்தோடு வைத்துப் பார்த்தால் அதுவே லாபம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் யாரும் சக்கரம், ஸ்பிரிங், எக்ஸாஸ்ட், இன்ஜின் ரீமேப் (இன்ஜினை இயக்கும் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) ஆகியவற்றை ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மீதிக் குறைவுகள்

இங்கே ஒவ்வொன்றும் சின்னது, சேர்ந்தால்தான் பெரிசு.

வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவான் என்ற இடத்தில் அவன் மனதுக்குத் தோன்றிய பெரிய எண்ணைப் போட்டிருந்தான். வேலைக்குப் போகும் தூரத்தை வேலை நாட்களால் பெருக்கி, வாரக்கடைசி ஓட்டத்தையும் சேர்த்து, கொஞ்சம் இடம் விட்டுக் கணக்குப் போட்டதில் அதில் முக்கால்வாசிதான் வந்தது. கலிபோர்னியாவில் 1988-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-வது முன்மொழிவின்படி, ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, வருடத்துக்கு ஓட்டும் தூரம், ஓட்டிய வருடங்கள் ஆகிய மூன்றும்தான் பிரீமியத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். தூரத்துக்கு அவ்வளவு எடை உண்டு. ஆனால் வேலைக்கு ஓட்டுவதை மறைத்துச் சொந்தப் பயன்பாடு மட்டும் என்று போடுவது மறுபடியும் பொய்தான், அதைத் தொடவே இல்லை.

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால் மலிவு என்று அவனுடைய நண்பர்கள் சொன்னார்கள். கொட்டேஷன் எடுத்துப் பார்த்தால் முழுக் காப்பீட்டைவிட அது கூடுதலாக வந்தது. இது அபூர்வம் இல்லை. மலிவு என்று நினைத்து ஆபத்தான ஓட்டுநர்கள் அந்தப் பக்கம் குவிந்ததால் அந்தக் கூட்டத்தின் கணக்கே மோசமாகி விலை ஏறிப்போன இடங்கள் உண்டு. மாறாக வேறு ஊரில் அது மலிவாகவே இருக்கலாம். ஊகிக்காமல் இரண்டையும் கேளுங்கள்.

குறைக்கவே கூடாதது அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையின் வரம்பு. வரம்பை நாமே தேர்ந்தெடுக்கும் இடங்களில் இளைஞர்கள் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் சொத்துச் சேதத்துக்கான குறைந்தபட்சம் 2024 முடியும் வரை வெறும் 5,000 டாலர், 2025 ஜனவரி 1 முதல் 15,000. இன்றைய கார் ஒன்றின் முன்பக்கத்தை இடித்தால் 5,000 எந்த மூலைக்கு? மீதியை ஓட்டியவரின் சம்பளத்திலிருந்துதான் எடுப்பார்கள். நம் காரின் சேதத்தைத் தாங்கிக்கொள்ளலாம், அடுத்தவரின் உடம்புக்கு ஏற்பட்ட சேதத்தை 21 வயதில் யாராலும் தாங்க முடியாது.

குறைக்கலாம் என்பது எக்ஸஸ் பக்கம். க்ளெய்ம் வந்தால் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை அது. இளம் ஓட்டுநர் என்பதால் நிறுவனமே ஒரு கட்டாயத் தொகையை வைத்திருக்கும், அதற்கு மேல் நாமாக ஏற்றிக்கொள்வது தனி. தம்பிக்கு ஒரு படி ஏற்றியதில் நல்ல குறைவு வந்தது, அடுத்த படியில் ஒன்றுமே வரவில்லை. எனவே முதல் படியோடு நிறுத்தி, கட்டாயத் தொகையும் சேர்த்து மொத்தத்தையும் வங்கியில் தனியாகப் போட்டு வைக்கச் சொன்னேன். கையில் இல்லாத எக்ஸஸை ஏற்றிக்கொள்வது ஆபத்து, ஒரு சின்ன இடி வந்தால் காரை எடுக்கவே காசு இருக்காது.

பாலிசி தொடங்கும் நாளுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பே கொட்டேஷனை உறுதி செய்ததும், மாதத் தவணையை விட்டு மொத்தமாகக் கட்டியதும் அடுத்த குறைவுகள். தவணை என்பது வட்டியுள்ள கடன்தான். கடைசி நாளில் வந்து கேட்பவர்களைப் பல நிறுவனங்கள் அவசரக்காரர்களாகவே பார்க்கின்றன, பிரிட்டன் போன்ற சந்தைகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இவையெல்லாம் சேர்ந்து 36 என்பது 31 ஆனது.

கருப்புப் பெட்டி

கடைசியாக டெலிமேடிக்ஸ். காரில் ஒரு சின்னக் கருவியோ போனில் ஒரு செயலியோ இருந்துகொண்டு வேகம், திடீர்ப் பிரேக், திருப்பத்தின் வேகம், ஓட்டும் நேரம், சில சமயம் போனைத் தொடுவதையும் பதிவு செய்யும். தம்பிக்கு இது பிடிக்கவே இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டுக் கண்காணிப்போடு ஓட்டுவதா என்றான். அவனுடைய தயக்கத்தை நான் தள்ளிவிடவில்லை, அந்தத் தகவலை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், யாருக்குக் கொடுப்பார்கள் என்பதைப் பாலிசியில் படிக்காமல் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அவனுடைய முதல் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது. நிறுவனத்துக்கு என்னைத் தெரியாதே என்பதுதான் அவன் புகார். தெரியவைக்கும் வழி இதுதான்.

படித்துப் பார்த்து இரண்டு திட்டங்களைத் தள்ளிவைத்தோம். ஒன்றில் இரவு 11 முதல் காலை 5 வரை ஓட்டினால் அபராதம், தம்பிக்கு மாலை நேர வேலை உண்டு என்பதால் சரிப்படாது. இன்னொன்றில் மதிப்பெண் குறைந்தால் நடு வருடத்திலேயே பிரீமியத்தை ஏற்றுவார்கள். மூன்றாவதில் நேரக் கட்டுப்பாடு இல்லை, மதிப்பெண் புதுப்பிக்கும்போதுதான் பேசும். அதை எடுத்தான். 31 என்பது 26-ல் வந்து நின்றது.

முதல் மாத மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. வேகத்தில் குறை இல்லை, திடீர்ப் பிரேக்கில்தான் குறை. முன்னால் போகும் வண்டிக்கு மிக நெருக்கமாகப் போகிறான் என்பதுதான் அதற்கு அர்த்தம், இடைவெளியைக் கூட்டியதும் மதிப்பெண் தானாக ஏறியது. வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆசைக்கு ரேஸ் டிராக் போகலாமே என்றான். போகலாம், ஆனால் சாதாரண பாலிசிகள் பெரும்பாலும் டிராக்கில் நடப்பதை ஏற்பதில்லை, ஜெர்மனியின் நியூர்பர்கிரிங் ரேஸ் டிராக் போன்ற இடங்களையும் விலக்கி எழுதியிருப்பார்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனி பாலிசி கிடைக்கிறது, அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஒரு நல்ல வருடத்தின் விலை

இதைப் புரியவைக்க நான் தம்பிக்குப் பிரான்ஸ் நாட்டுக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். அங்கே விதி எழுத்திலேயே இருப்பதால் தெளிவாகத் தெரியும். அடிப்படைப் பிரீமியம் 100 என்றால் புது ஓட்டுநருக்கு முதல் வருடம் அதிகபட்சம் 100% கூடுதலாகப் போடலாம், ஆக 200. விபத்தில்லாமல் ஒரு வருடம் போனால் கூடுதல் பாதியாகும், அடிப்படையும் 5% குறையும்: 142.5. மூன்றாம் வருடம் 112.5. நான்காம் வருடம் கூடுதலே இல்லை, 85. முதல் வருடத்திலேயே தன் தவறால் ஒரு விபத்து வைத்துவிட்டால் அடிப்படை 25% ஏறும், கூடுதலும் குறையாது. இரண்டாம் வருடம் 142.5 கட்ட வேண்டியவர் 250 கட்ட நேரும். 15 வயதிலிருந்தே பெரியவரை அருகில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகும் முறையில் லைசென்ஸ் வாங்கியவருக்குத் தொடக்கக் கூடுதலே 50%தான்.

இந்தியாவில் கணக்கு வேறு. தேர்ட் பார்ட்டி பிரீமியம் இன்ஜின் அளவை வைத்து அரசு அறிவிப்பது, ஓட்டுபவரின் வயது அதில் வராது. நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் செய்யாத வருடத்துக்கான தள்ளுபடி, முதல் வருடம் 20%-ல் தொடங்கி 50% வரை போகும், சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதிக்கு மட்டும். அந்த போனஸ் காருக்கு இல்லை, ஆளுக்கு. காரை விற்றாலும் கூடவே வரும், அதை விட்டுவிட்டுப் புதுக் காருக்கு முழுப் பணம் கட்டுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். இத்தாலியில் 2007-லிருந்தே அதே வீட்டில் உள்ளவர் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த நல்ல தரத்தை இன்னொருவர் தன் பாலிசிக்குக் கொண்டுவரச் சட்டம் வழி செய்கிறது. உங்கள் நாட்டில் இப்படி ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும், ஏஜென்ட் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

கூடுதல் ஓட்டுநராக இருந்து ஓட்டும் வருடங்கள் பெரும்பாலான நிறுவனங்களில் நோ க்ளெய்ம் கணக்கில் சேராது. அக்கா பெயரில் எடுக்காமல் தன் பெயரிலேயே எடுத்ததில் தம்பிக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த முதல் வருடம் அவன் கணக்கில் ஏறியிருக்கிறது.

வருடம் முடிந்து புதுப்பிக்கும் கடிதம் வந்தது, 21 என்று. நல்ல குறைவுதான், இருந்தாலும் அப்படியே கட்ட விடவில்லை. பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் கேட்கும் பழக்கத்தைப் பிரிட்டன் 2022 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது, எல்லா நாட்டிலும் அந்தத் தடை இல்லை. விபத்தில்லா வருடத்துக்கான சான்றுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வேறு நிறுவனங்களிலும் ஒரு புரோக்கரிடமும் கேட்டதில் 18 கிடைத்தது. அதே நாளில், ஆசைக்காக, மஸ்டாங்குக்கும் ஒன்று எடுத்துப் பார்த்தான். 100 இப்போது 58. இன்னும் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான், 25 வயதில் மறுபடி பார்ப்பதாகத் திட்டம்.

இப்போது அவனுக்கு அலாய் வீல் மாற்றவும் இன்ஜின் ரீமேப் செய்யவும் ஆசை. இந்த முறை வாங்குவதற்கு முன்பே நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கிறான். அதே அளவு அலாய் வீலுக்குக் கொஞ்சம் கூட்டிக் கட்டினால் போதும் என்றார்கள், எழுத்திலும் அனுப்பிவிட்டார்கள். ரீமேப் செய்தால் பாலிசியைத் தொடர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சக்கரத்தை மட்டும் ஆர்டர் செய்திருக்கிறான்.